பதினான்குக்குப் பதின்மூன்றில் பச்சையம்மாள் அக்கா சொன்னது

ஆவணி மாதம், முகூர்த்த நாள். பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. அனந்தபுரத்துப் பெரியவர் ஒருவரின் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பத்திரம் எழுதுவது என் தொழில் என்றாலும், அவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதும் என் தலையில்தான் விழுந்திருந்தது. அப்போது பச்சையம்மாள் அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் போன் செய்தார்.

"ரைட்டரே, உங்க அக்கா போய்ட்டா."

"எங்கண்ணே?" என்று கேட்டேன். காலையில் கடை திறக்காமல் எங்கேயாவது கிளம்பிவிட்டார் போல என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

"எங்கன்னு சொல்றது ரைட்டரே..." என்று அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

பச்சையம்மாள் அக்கா காலமாகிவிட்டார். மாரடைப்பு. இரண்டு வாரமாக வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் வாயுப் பிடிப்பு என்றிருக்கிறார். வயது நாற்பத்தெட்டு.

அன்று மாலை நான்கு மணிக்குள் கூட்ரோட்டில் பேனர் ஏறிவிட்டது. "செஞ்சிக் கைப்பந்தின் குரலுக்குக் கண்ணீர் அஞ்சலி." நடுவில் அக்காவின் படம். கீழே கைப்பந்துக் கழக நிர்வாகிகள் பதினோரு பேரின் படங்கள், எல்லோரும் கைகூப்பிக்கொண்டு. செயலாளரின் முகம் அக்காவின் முகத்தைவிடப் பெரியது. ஐந்து மாதம் முன்னால் இதே பதினோரு பேர்தான் அவரைத் துரோகி என்றார்கள். பேனர் அடித்தவன் கை ஈரம்கூடக் காய்ந்திருக்காது, அதற்குள் செயலாளர் என்னிடம் வந்துவிட்டார். "லீக் மலர்ல அக்காவப் பத்தி ரெண்டு பக்கம் போடறோம். நீங்கதான் ஒரே கடையில இருந்தவரு. நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க ரைட்டர்" என்றார். அடுத்த ஆண்டுக் கோப்பைக்கு அக்காவின் பெயரை வைக்கப் போகிறார்களாம்.

எழுதுகிறேன். உருக்கமாக வருமா என்று தெரியாது. எனக்கு வருவது ஆத்திரம்தான். அச்சடிப்பதா, கிழிப்பதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஒரே ஷட்டரில் இரண்டு பிழைப்பு நடந்தது. இடது பக்கம் அக்காவின் ஜெராக்ஸ் இயந்திரம், வலது பக்கம் என் பத்திர மேசை. ஒன்பது வருடம். கணவர் ஏழுமலை அவலூர்பேட்டைத் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. அக்கா என்னைத் தம்பி என்பார். மதியம் இருவர் டப்பாவையும் ஒன்றாகத் திறந்து வைத்துத்தான் சாப்பிடுவோம். என் வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் என் மனைவிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் பழகிய முதல் வருடத்தில் நடந்த ஒன்று. ஒருவர் பழைய சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். ரத்து என்று குத்தியிருந்த முத்திரை மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து நகல் எடுக்கச் சொன்னார். அக்கா அந்தத் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "நம்ம மிஷினுக்கு வெக்கம் கெடயாதுண்ணே. இருக்கறத எல்லாம் காட்டும். மறைக்கிற மிஷின் வேணும்னா பஜார்ல பாருங்க" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். "ஏங்க்கா, அவர் கேட்டபடி எடுத்துக் கொடுத்தா உங்களுக்கு என்ன?" என்று நான் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நாளைக்கு அவரு மாட்டிக்கினா, எங்க எடுத்தன்னு கேப்பாங்க இல்ல" என்று சிரித்தார். பயந்து சொன்ன காரணம் போல இருக்கும். ஆனால் அது பயம் இல்லை என்று போகப் போகத் தெரிந்துகொண்டேன்.

பள்ளி நாட்களில் அக்கா கைப்பந்து ஆடியவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் வட்டார லீக் தொடங்கியதும் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் பிடிக்க முடியாது. எட்டு ஊர் அணிகள். ஆடுபவர்கள் எல்லாம் வேறு வேலை பார்க்கிறவர்கள்: ஒருவர் வயர்மேன், ஒருவர் பள்ளி விளையாட்டு ஆசிரியர், ஒருவர் மாவு மில் வைத்திருப்பவர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். டிவியில் வராது, பத்திரிகையில் வராது. ஊருக்குள் இருந்தபடி ஆட்டத்தைத் தொடர வேண்டுமென்றால் ஒரே வழிதான்: செஞ்சி கைப்பந்து வாட்ஸ்அப் குழுவில் பச்சையம்மாள் அக்காவின் குரல் பதிவு.

ஏழுமலை அண்ணனின் பேருந்திலோ வேறு ஏதாவது வண்டியிலோ ஆட்டம் நடக்கும் ஊருக்குப் போய்விடுவார். கோட்டுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு மூன்று புள்ளிக்கு ஒரு பதிவு வரும். "சர்வீஸ் நம்மளுது. நெட்ல பட்டு அந்தப் பக்கம் உழுந்துச்சு, அதிர்ஷ்டம்தான், தெறமை இல்ல, யாரும் விசில் அடிக்காதீங்க." இப்படித்தான் சொல்வார். தையல்கடைகளில், மெடிக்கல் ஷாப்புகளில், களத்துமேட்டில் நெல் காயவைப்பவர்கள் மத்தியில் எல்லாம் அந்தக் குரல் ஓடும். எங்கள் அணி தோற்கும் நாட்களில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கொஞ்சம் நம்ம பக்கமாகச் சொல்லக்கூடாதா என்பார்கள். ஒருமுறை நானே கேட்டேன். அக்கா சொன்னார்: "பாக்காதவங்களுக்குச் சொல்றோம் தம்பி. கூட்டிச் சொன்னா அவங்க வேற மேட்ச் இல்ல கேட்டுகினு இருப்பாங்க?"

இந்தப் பங்குனியில் எங்கள் அணி முதல்முறையாக பிளே ஆஃப்புக்குப் போனது. ஊர் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அரையிறுதி அவலூர்பேட்டையில், திண்டிவனம் அணியுடன், ஞாயிறு மாலை. நான் மண்டகப்பட்டில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தபடி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டில் செஞ்சி பதினான்கு, திண்டிவனம் பதின்மூன்று. ஒரு புள்ளி எடுத்தால் இறுதிப் போட்டி. எனக்கு இலையில் என்ன விழுந்தது என்றே தெரியவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எதிரணி அடித்த பந்து நம் தடுப்பாட்டக்காரர் விரலில் உரசிவிட்டு வெளியே விழுந்தால் புள்ளி எதிரணிக்கு. உரசாமல் விழுந்தால் நமக்கு. விரல் நுனியில் படுவது நடுவர் கண்ணுக்குப் பல நேரம் தெரியாது. அதனால் எங்கள் பக்கத்து மைதானங்களில், பட்டவன் தானே கையைத் தூக்கிவிடுவான். யாரும் கேட்கமாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் எட்டு ஊரிலும் நடுவர் முதலில் பார்ப்பது எல்லைக்கோட்டை அல்ல, கையைத்தான்.

திண்டிவனத்துக்காரர் ஓங்கி அடித்தார். எங்கள் சதீஷ் எகிறித் தடுத்தான். பந்து வெளியே போய் விழுந்தது. யார் கையும் உயரவில்லை. நடுவர் செஞ்சிக்கு விசில் ஊதினார்.

சற்று நேரத்தில் குழுவில் அடுத்தடுத்து மூன்று குரல் பதிவுகள் வந்தன. அதற்குக் கீழே எவனோ "ஜெயிச்சுட்டோம்டா" என்று பத்து பட்டாசுப் படம் போட்டிருந்தான். எனக்கு அது போதும். திண்டிவனத்தில் இருக்கும் என் மச்சான் குமாரை, என் மனைவியின் தம்பியை, வாரம் முழுக்க வெறுப்பேற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் மூன்று பதிவுகளையும் அப்படியே அள்ளி அவனுக்கு அனுப்பினேன். "கேட்டுட்டு தூங்குடா" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கேட்காமல் அனுப்பினேன். எத்தனை பத்திரம் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுபவரிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டாமல் பேனாவைக் கொடுத்ததில்லை. இதை மட்டும் படிக்காமல் அனுப்பினேன். மோர் குடித்துவிட்டு வந்துதான் கேட்டேன். நடுப் பதிவில் அக்கா சொல்லியிருந்தார்:

"பந்து வெளிய போச்சு. ஆனா சதீஷ் வெரல்ல பட்டுச்சு, நான் பக்கத்துலதான் நிக்கிறேன், பாத்தேன். கை தூக்குவான் இருங்க... தூக்குவான்... இன்னும் தூக்கல... ரெப்ரி நமக்குக் குடுத்துட்டாரு. இன்னாடா சதீஷு இது."

அனுப்பியதை அழிக்கப் போனேன். குமார் கேட்டு முடித்து, அதற்குள் திண்டிவனம் குழுவிலேயே போட்டுவிட்டிருந்தான்.

மறுநாளே திண்டிவனம் அணி லீக் கமிட்டியில் முறையீடு செய்தது. "செஞ்சிக்காரங்களே சொல்றாங்க" என்று பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கமிட்டி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. பேசியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார். பட்டது உண்மையா? "பட்டுச்சு." கமிட்டி நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னது. பதினான்கு–பதினான்கில் இருந்து அடுத்த ஞாயிறு மீண்டும் ஆடுங்கள் என்றது. தோல்வி என்று சொல்லவில்லை. ஆடுங்கள் என்றுதான் சொன்னது!

நம் செயலாளர் என்ன செய்தார்? "கோட்டை இருக்கிற ஊரு நாங்க. எவன் சொல்லியும் திரும்ப ஆட மாட்டோம், மானப் பிரச்சினை" என்று அணியை அனுப்பவே இல்லை. இரண்டு புள்ளி தொடர்ந்து எடுத்திருந்தால் இறுதிப் போட்டி. அதற்கு வக்கில்லாமல், வீறாப்புப் பேசிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார். திண்டிவனம் ஆடாமலே இறுதிக்குப் போனது. அந்தத் தோல்விக்கு யாரையாவது கை காட்ட வேண்டுமே, அக்காவைக் காட்டினார். பச்சையம்மாள்தான் அந்தப் பதிவைத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள், அங்கே யாரிடமோ கை நீட்டி வாங்கிவிட்டாள் என்று குழுவிலும் பஜார் முழுக்கவும் பரப்பினார்கள். ஊரும் நம்பியது. ஒன்பது வருடம் அவர் குரலை வைத்தே விசில் அடித்த ஊர், ஒரே நாளில் நம்பியது.

குழுவில் இருந்து அவரை நீக்கினார்கள். ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். எங்கள் கடையில் ஜெராக்ஸ் கூட்டம் குறைந்தது. சாதிச் சான்றுக்கு வருபவர்கள்கூட வெயிலில் நடந்து பஜார் வரைக்கும் போனார்கள். ஒருநாள் காலையில் ஷட்டரில் எவனோ சாக்பீஸில் "திண்டிவனம் கிளை" என்று எழுதிவைத்திருந்தான். நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தடுத்தார்.

"உடு தம்பி. கிளைன்னா நான்தான மேனேஜரு? உக்காரு, மேனேஜர் டீ வாங்கித் தரேன்."

நானும் சிரித்தேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். அன்றைக்கு அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

ஆம், அந்த ஐந்து மாதமும் நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டு வருவேன். ஒருமுறை சாப்பிடும்போது "அக்கா, அந்த விஷயம்..." என்று ஆரம்பித்தேவிட்டேன். அக்கா கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பட்டா நகலுக்கு ஒருவர் வந்து நின்றார். எனக்குக் கடவுளே வந்தது போல இருந்தது. எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அந்த ஆள் போன பிறகும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. இதுதான் என் லட்சணம். செயலாளரைத் திட்டும் வாய் இருக்கிறதே, அது அங்கே ஒட்டிக்கொண்டது.

சுடுகாட்டில் சதீஷைப் பார்த்தேன். ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தான்.

"பட்டுச்சுண்ணே. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா தூக்கல?"

"லீக் மேட்ச்னா தூக்கியிருப்பேண்ணே. பிளே ஆஃப் ஆச்சே."

அறைய வேண்டும் என்று கை துடித்தது. பிளே ஆஃப்பாம்! அப்படியானால் வழக்கம், நியாயம் எல்லாம் ஒன்றுக்கும் உதவாத ஆட்டத்துக்கு மட்டும்தானா? திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? அவனாவது ஒரு வினாடி தூக்காமல் நின்றான். நான் ஐந்து மாதம் நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். ஏழுமலை அண்ணன் மொட்டைத் தலையோடு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு நாற்காலியை எடுத்துக் கொடுத்தேன். பிறகு சொன்னேன்.

"அண்ணே, அந்த வாய்ஸ அனுப்பினது நான்தாண்ணே. என் மச்சானுக்கு. வெளாட்டுக்கு அனுப்பினேன்."

அவர் நிமிரவில்லை. அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினார்.

"தெரியும் ரைட்டரே."

அடுத்து எடுக்கப்போன நாற்காலியை விட்டுவிட்டேன்.

"கமிட்டில கூப்ட்டு வெச்சு கேட்டாங்களே, அன்னைக்கே உன் மச்சான் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க. அவன் உங்க கடைக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்தவன்தான, அவளுக்குத் தெரியாதா? யாருங்க அவனுக்கு அனுப்பினதுன்னு கேட்டாங்களாம். பேசினது நான், அத்தோட உடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேண்ணே..."

"நான் கேக்கறேன்னுதான் கெளம்பினேன். அவதான் உடல. தம்பி தானா சொல்லும், நீ போய் கேட்டுடாத, கேட்டு வாங்கினா அது சொன்னதா ஆவாதுன்னா." அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "டெய்லி கடைய மூடிட்டு வருவா. நான் கேப்பேன், சொன்னானான்னு. இன்னைக்கு இல்ல, நாளைக்கு சொல்லும்பா. சாவற அன்னைக்கு மொத நாள் கூட நாளைக்குன்னுதான் சொன்னா, ரைட்டரே."

அவர் மீதி நாற்காலிகளை அடுக்கப் போனார். என்னைப் போ என்று சொல்லவில்லை. நான்தான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கழகத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோப்பைக்கு அக்காவின் பெயர் வேண்டாம். அந்தப் பேனரை இறக்குங்கள். அவர் மேல் போட்ட பழியை எந்தக் குழுவில் பரப்பினீர்களோ அந்தக் குழுவிலேயே முதலில் திரும்ப வாங்குங்கள். உண்மை தெரியாமல் பேசிவிட்டோம் என்று தப்பிக்க உங்களுக்கு இருந்த வசதி எனக்கு இல்லை. ஆகவே என் பங்கை, என் தொழிலில் எழுதுகிற மாதிரியே எழுதித் தருகிறேன்.

செஞ்சி, தாலுகா அலுவலகம் எதிரில் பத்திரம் எழுதும் தனசேகரன் ஆகிய நான், என் முழு மனதோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுப்பது என்னவென்றால்: அரையிறுதி ஆட்டத்தின் குரல் பதிவைத் திண்டிவனத்துக்கு அனுப்பியது திருமதி பச்சையம்மாள் அல்ல. அனுப்பியது நான். இது அவருக்குத் தெரிந்திருந்தும், என் பெயரை ஒருவரிடமும் சொல்லாமல், ஊர் சொன்ன ஏச்செல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். இது உண்மை. இதை அவர் உயிரோடு இருந்த நூற்றைம்பது நாளில் ஒரு நாளும் நான் சொல்லவில்லை என்பதும் உண்மை.

அக்கா, உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், டப்பாவை மூடிவிட்டு "ஏண்டா இப்படிப் பண்ணினே" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் சொல்வேன் என்று இருந்துவிட்டீர்கள். சொல்லிவிட்டேன், அக்கா. கேட்க நீங்கள்தான் இல்லை. போய் வாருங்கள்.